பச்சை டப்பா ஆயில்

என் மனைவி நாயகியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் கையில் ஆயில் கம்பி இருந்தது. காலை ஏழு மணி ஏழு நிமிடம். வாசலில் வெள்ளை மாருதியின் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, கம்பியை உருவி, பழைய தலையணை உறையில் துடைத்து, மறுபடி சொருகி, மறுபடி உருவி, நுனியில் நின்ற ஒரு சொட்டை வட்டமான வடிதாள் ஒன்றில் வைத்தாள். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். வடிதாள், அதாவது ஃபில்டர் பேப்பர், அங்கிருந்து வருவது. வியாழக்கிழமைதோறும் ஆயில் கெடவில்லையே என்று பார்க்க இப்படி ஒரு சொட்டு எடுத்து, ஊதிக் காயவைத்து, தேதியும் கிலோமீட்டரும் எழுதி, டாஷ்போர்டு அறைக்குள் வைப்பாள். நான் நாற்காலியில் செய்தித்தாளோடு இருந்தேன். "ஏனுங்க, வண்டீல நீங்க ஏதாச்சும் கை வெச்சீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் சிரித்தாள். வாய்விட்டு அல்ல, மூக்கால் வரும் சின்னச் சிரிப்பு. "செரி, போயிட்டு வந்தர்றனுங்க" என்று ஏழு பத்துக்கு வண்டியை எடுத்தாள். சித்திரை பிறந்து நாலைந்து நாள். வெயில் அப்போதே வாசல்படி வரை ஏறியிருந்தது. இதெல்லாம் நடந்து பதினாறு வருஷம் ஆகிறது. நான் சொன்ன அந்த 'இல்லை' பொய். அவள் சிரித்தது எதற்கு என்பது மட்டும் இத்தனை வருஷமாக எனக்குப் பிடிபடவில்லை.

இன்று காலை பத்தே காலுக்குத் திருமலைசாமியின் பட்டறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, அதே வண்டியின் அடியிலிருந்து பழைய ஆயில் சட்டிக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் விரல் தடிமனுக்கு ஒழுகியது, பிறகு நூலானது, பிறகு சொட்டு. பஞ்சாலையில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன் நான், எதைப் பார்த்தாலும் எண்ணத் தொடங்கிவிடுவேன். ஒரு சொட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு விநாடி. முழுதாக வடிய அரை மணி நேரம் விட வேண்டும் என்பது நாயகியின் கணக்கு. அவசரப்பட்டால் அடிக்கசடு உள்ளேயே தங்கிவிடும் என்பாள். வண்டி ஓட்டியது அவள்தான். நான் அவள் போன பிறகு அறுபது வயதில் கற்றுக்கொண்டவன். நூலகம், உழவர் சந்தை, வங்கி, வீடு. ஒரு நாளைக்கு ஆறு கிலோமீட்டர் ஓடினால் அதிகம். அதற்கும் வருஷம் தவறாமல் பச்சை டப்பா ஆயில்தான், அவள் வாங்கிய அதே கம்பெனி. இன்று திருமலைசாமி கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "சார், உங்க பச்சை டப்பா இனி வராதுங்க. கம்பெனிக்காரன் நிறுத்திப்புட்டான். வேற ஊத்தட்டுங்களா?" என்று கேட்டார். வேற என்றால் எது என்று கேட்டேன். அவர் அலமாரியைக் காட்டினார். நீலம், மஞ்சள், சாம்பல், கடைசியில் சிவப்பு. சிவப்பைப் பார்த்ததும் நான் சட்டியைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

அந்தச் சிவப்பு டப்பாவை நான் வாங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் போவதற்குப் பதினொரு நாள் முன்னால். அவள் தங்கை வீட்டு வளைகாப்புக்கு பஸ்ஸில் போயிருந்தாள். வீட்டில் சும்மா இருந்த நான் பானெட்டைத் தூக்கினேன். கம்பியை உருவும் விதம் எனக்குத் தெரியும், பார்த்துப் பார்த்துத் தெரிந்ததுதான். ஆயில் கீழ்க்கோட்டை ஒட்டி நின்றது. அவளுக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று சைக்கிளில் பெட்ரோல் பங்குக்குப் போனேன். பச்சை இல்லை. அவன் சிவப்பைக் கொடுத்தான். ஒரு லிட்டர் டப்பா. பாதியை ஊற்றினேன். கோடு மேலே வந்துவிட்டது. மனசுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மூடியைத் திருகும்போதுதான் அவள் எப்போதும் சொல்வது ஞாபகம் வந்தது. "ஆயிலும் ரத்தமும் ஒண்ணுதானுங்க. ஒரு ஒடம்புக்கு ஒரு குரூப். மாத்தி ஏத்துனா உள்ளுக்குள்ள கட்டி தட்டிப்போகும், வெளிய தெரியாது." இதை அவள் விளையாட்டாகச் சொன்னாளா, தெரிந்து சொன்னாளா என்று நான் யோசித்ததில்லை. ரத்தத்தைப் பற்றித் தெரிந்தவள் சொன்னது, அவ்வளவுதான் எனக்கு. நான் எட்டாவது வரை படித்தவன். மற்றதெல்லாம் ஆலை மனமகிழ் மன்றத்து அலமாரியில் கிடந்த புத்தகங்களில் படித்தது. அவள் பட்டயம் வாங்கியவள். மீதி டப்பாவைத் தண்ணீர் மோட்டார் அறையில் சாக்குகளுக்குப் பின்னால் வைத்தேன். அவள் வந்ததும் சொல்லிவிடலாம் என்று வைத்தது. வந்தவள் வளைகாப்பு வீட்டுச் சண்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள், அன்று சொல்லவில்லை. மறுநாள் சொல்வதற்கு மறுநாளின் தைரியம் போதவில்லை. ஒரு நாள் தள்ளிப்போட்ட பேச்சு எப்படிக் கனக்கிறது என்று ஆலையில் பார்த்திருக்கிறேன். வராத நாளுக்கு உடனே சீட்டு எழுதிக் கொடுத்தவன் சிரித்துக்கொண்டே போவான், ஒரு வாரம் கழித்துக் கொண்டு வருகிறவன் சீட்டை மேஜையில் வைத்துவிட்டு என் முகம் பார்க்காமல் போவான்.

சொட்டுக்குச் சொட்டு மூன்று விநாடி ஆகிவிட்டது. திருமலைசாமி ஒரு பைக்கின் செயினை ஏற்றிக்கொண்டே, "பிராண்டுல என்னங்க சார் இருக்குது? எங்க ஊட்டுல சம்சாரம் ஒரே காப்பித்தூள்தான் குடிக்கும். வேற வாங்கியாந்தா மொத மடக்குலயே கண்டுபிடிச்சிருவேன்னு சொல்லும். நானும் மூணு மாசமா மாத்தித்தான் வாங்கிட்டுப் போறேன்" என்றார். சிரித்தேன். சிரிப்பு பாதியில் எங்கோ மாட்டிக்கொண்டது. ஆலையில் ஆயில்காரர் முத்தண்ணன் ஒருவர் இருந்தார். நாக்கில் ஒரு துளி வைத்தே எந்தப் பீப்பாய் என்று சொல்வார் என்பார்கள். ஒரு நாள் நான் அவரிடம் நேராகக் கேட்டபோது, ருசி ஒன்றும் தெரியாது, வாசனையில் டீசல் கலந்திருந்தால் மட்டும் தெரியும், மற்றபடி மேஸ்திரிகள் பயப்பட வேண்டும் என்று நாக்கை நீட்டுகிறேன் என்றார். அந்த மாதிரி ஒரு மனிதரிடம் நான் இரண்டு ஆயில் கலந்தால் என்ன ஆகும் என்ற என்னுடைய கேள்வியையும் கேட்டிருக்கலாம். பதினாறு வருஷமாக யாரிடமும் கேட்கவில்லை. உராய்வு பற்றி, எண்ணெயின் பிசுபிசுப்பு பற்றி இரண்டு புத்தகங்கள் படித்தேன், ஒன்று ஆங்கிலம், அகராதி வைத்துக்கொண்டு. கலப்பது பற்றிய பக்கம் வரும்போது அட்டையை மூடிவிடுவேன். கேட்டால் பதில் வந்துவிடும். பதில் வந்தால் அதோடுதான் மீதிக் காலத்தை ஓட்ட வேண்டும். கேட்காத வரை அது ஒரு சந்தேகம். சந்தேகத்தோடு ஒரு மனிதன் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வந்துவிட முடியும்.

அவள் கிளம்பியது ஏழு பத்து. அவளைக் கண்டது, வீட்டிலிருந்து பதினொரு கிலோமீட்டரில், ஒரு தேங்காய் லாரிக்காரர், எட்டு ஐந்துக்கு. அந்தத் தூரத்துக்கு இருபது நிமிடம் போதும். மீதி முப்பத்தைந்து நிமிடம். அந்த முப்பத்தைந்து நிமிடத்தை நான் ஆலை வருகைச் சீட்டில் குறி விழாத இடத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதுதான். மத்தியானம் வண்டியைக் கொண்டுவந்தார்கள். முன்சக்கரம் இரண்டையும் தூக்கி, ஒரு வேனுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்து வந்தார்கள். தெருவே பார்த்தது. நானும் வாசலில் நின்று பார்த்தேன். ஓடுகிற வண்டியை யாராவது இழுத்து வருவார்களா? அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆயில் உள்ளே திரிந்திருக்கிறது, இன்ஜின் நின்றிருக்கிறது, அவள் இறங்கி, வெயிலில் பானெட்டைத் தூக்கி, குனிந்து, ஆள் வருகிறதா என்று பார்த்து, தள்ளக்கூடப் பார்த்திருப்பாள், அவள் அப்படிப்பட்டவள்தான், பிறகு முடியாமல் வந்து உட்கார்ந்திருக்கிறாள். முப்பத்தைந்து நிமிடம் இப்படி நிரம்பியது. சில நாள் அவள் குடையை எடுத்துக்கொண்டதாக வைத்துப் பார்ப்பேன். சில நாள் ஒரு பஸ் நிற்காமல் போனதாக. ஒருமுறை அவள் என்னைத் திட்டினாள், அன்று கொஞ்சம் தூங்கினேன். மூன்று மாதம் கழித்துப் புது பாட்டரி போட்டதும் வண்டி ஒரே திருகில் கிளம்பியது. அது எனக்குப் புரியவில்லை. புரியாததை ஒதுக்கி வைத்துவிட்டு, பழைய ஆயிலை முழுக்க வடித்துப் பச்சையை ஊற்றச் சொன்னேன். அன்றிலிருந்து பச்சைதான்.

"சார், ரொம்ப யோசிக்கறீங்க" என்றார் திருமலைசாமி. பைக்கை விட்டுவிட்டு வந்து என் எதிரே ஒரு பழைய டயரில் உட்கார்ந்தார். தாடை ஓரம் நரைத்திருந்தது. அந்த நாளில் இந்தப் பட்டறை அவருடைய மாமாவுடையது, இவர் இருபத்தைந்து வயதில் அங்கே வேலை பார்த்தார், வண்டியை இழுத்து வந்தவர்களில் இவரும் ஒருவர். இத்தனை வருஷம் இந்த ஆளிடம்தான் வந்துகொண்டிருக்கிறேன். பச்சை டப்பா இல்லாமல் போனதால்தான் என்று நினைக்கிறேன், வேறு வழி இல்லாததால், கேட்டேன். ரெண்டு கம்பெனி ஆயில் கலந்தால் இன்ஜின் நின்றுபோகுமா? அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "நிக்காதுங்க. நம்பர் ஒண்ணா இருந்தாப் போதும். உங்க வண்டிக்கு இருபது டபிள்யூ நாப்பது. அந்த நம்பரு எந்த டப்பாவுல இருந்தாலும் செரிங்க. ஆயிலு கொறையாமப் பாத்துக்கோணும், காலத்துக்கு மாத்தோணும், போலி டப்பாவா இருக்கக்கூடாது. அம்புட்டுத்தான். நீங்க ஓட்டற ஆறு கிலோமீட்டருக்கு பிராண்டு என்ன பண்ணும்?" ரத்தம் மாதிரி குரூப் கிடையாதா என்றேன். கேட்டு முடிப்பதற்குள் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல ஒலித்தது. அவர் சிரிக்க வாயெடுத்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "லேப் அக்கா சொன்னாங்களா? எங்கிட்டயும் சொல்லுவாங்க. வேற ஆயில் காட்டுனா, அது ஓ பாசிடிவ், எம்பட வண்டி பி அப்படிம்பாங்க. எனக்கு ரத்தம் எடுக்கறப்பவும் அப்புடித்தான் எதையாச்சும் சொல்லிச் சிரிக்க வெச்சுட்டு ஊசியப் போட்டுருவாங்க."

அப்படியானால் அது விளையாட்டு. ஆனால் அது விளையாட்டு என்றால் வண்டி ஏன் நின்றது? என் மனம் ஒரு பக்கம் இளகிக்கொண்டே இன்னொரு பக்கம் அந்தக் கயிற்றை விடாமல் பிடித்தது. வேறு ஏதோ காரணம் இருந்திருக்கும், ஏதோ ஒன்றால் நின்றதால்தானே இழுத்து வந்தீர்கள் என்றேன். திருமலைசாமி என்னையே பார்த்தார். "வண்டி எங்கீங்க நின்னுச்சு? ஓடிட்டுத்தான் இருந்துச்சு." அவர் கையில் இருந்த துணியை மடித்தார், மறுபடி பிரித்தார். "லாரிக்காரரு சொன்னாருங்க. ரோட்டோரமா, ஒரு புளிய மரத்து நெழல்ல, கைப் பிரேக்கெல்லாம் போட்டு, சாய்ஞ்சு உக்காந்திருந்தாங்களாம். இன்ஜின் அதுபாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சாம். அவருதான் சாவியத் திருகி நிறுத்துனது." அப்புறம் ஏன் இழுத்து வந்தீர்கள்? "அது எங்க மாமா பட்டறை வழக்கமுங்க. உசுரு போன வண்டிய அன்னைக்குக் கெளப்பக் கூடாது, அந்த சீட்டுல ஆரும் உக்காரக் கூடாது, எலுமிச்சம்பழம் வெச்சு மறுநா காலைலதான் தொடணும்னு. அதனால கொக்கி வேன் புடிச்சோம். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். அந்த லாரிக்காரரு உங்க ஊட்டுக்கு வந்தாருங்களே." வந்தார். பதினாறாம் நாள் வந்து வாசலில் நின்றார். பெரிய மீசை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். நான் உள்ளே கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன், தூங்குகிறார் என்று மைத்துனர் சொல்லி அனுப்பினார். தூங்கவில்லை. திருமலைசாமி மறுபடி, மெதுவாக, "ஒருவேளை நீங்க வேற ஆயில் ஏதாச்சும் ஊத்தியிருந்தீங்கன்னே வெச்சுக்குவோம். முப்பது நிமிஷத்துக்கு மேல சித்திரை வெயில்ல நின்ன எடத்துலயே ஓடியிருக்குது. நல்ல ஆயில்னா அதானுங்க நல்ல ஆயிலு" என்றார். அவர் எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையோ தேடினார். எனக்காகத்தான் தேடினார் என்று நினைக்கிறேன்.

புளிய மரத்து நிழல். இதை என்னால் அத்தனை சுலபமாக உள்ளே வாங்க முடியவில்லை. இத்தனை நாள் அவள் வெயிலில் நின்றுகொண்டிருந்தாள், நான்தான் நிற்க வைத்திருந்தேன். நிழலில் உட்கார்ந்திருக்கிறாள். வலி வந்ததும் ஓரம் கட்டியிருக்கிறாள், பிரேக் போட்டிருக்கிறாள், நிழல் பார்த்துப் போட்டிருக்கிறாள். இன்ஜினை ஏன் நிறுத்தவில்லை? இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும், போய்விடலாம் என்று நினைத்திருப்பாள். ரத்தம் கொடுக்க வந்தவர்கள் மயங்கினால் அப்படித்தான் சொல்வாள், ரெண்டு நிமிஷம் சும்மா உக்காருங்க என்று. திருமலைசாமி வண்டிக்குள் தலையை விட்டு டாஷ்போர்டு அறையைத் திறந்து, ஆர்.சி. புத்தகத்துக்கும் இன்ஷூரன்ஸ் தாளுக்கும் அடியிலிருந்து ஒரு வட்டத் தாளை உருவினார். கம்பியைத் துடைப்பதற்கு. நான் எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. "அத வெச்சுருங்க" என்றேன். அவர் கையோடு வந்தது அந்தக் கட்டு முழுவதும், ரப்பர் பேண்ட் எப்போதோ இற்றுத் துண்டு துண்டாகத் தாளில் ஒட்டியிருந்தது. அங்கே இருப்பது எனக்குத் தெரியும். வருஷா வருஷம் இன்ஷூரன்ஸ் தாளை அதன்மேல் வைத்து மூடுவேன், பிரித்ததில்லை. அவர் ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, தொழில்காரரின் கண்ணோடு பார்த்தார். நடுவில் கறுப்பு, சுற்றிலும் தேன் நிறம், ஓரம் சீராக மங்கிப் போயிருந்தது. "இத்தன நல்லா நாங்ககூடப் பாக்கறதில்லீங்க. பாருங்க, எங்கியும் திட்டு நிக்கல. அருமையான ஆயிலு." மேலே இருந்த தாள் அது. பதினேழு, நான்கு, இரண்டாயிரத்து எட்டு. அவளுடைய சாய்ந்த எழுத்து. கிலோமீட்டருக்குக் கீழே 'சரி'. அவ்வளவுதான் எழுதியிருந்தாள். என் எதிரே ஊதிக் காயவைத்த தாள்.

அதற்கு அடுத்தது பத்தாம் தேதி, அதுவும் வியாழன். அதில் மட்டும் மூன்று சொட்டு. இடப்பக்கம் பழுப்பு, அதன்மேல் வண்டி என்று எழுதியிருந்தாள். வலப்பக்கம் தெளிந்த மஞ்சள், பழகாத புது ஆயிலின் நிறம், அதன்மேல் சிவப்பு டப்பா என்று. நடுவில் இரண்டும் கலந்த ஒன்று, விளிம்பு சிதையாமல் வட்டமாகப் பரவியிருந்தது. கீழே, கூடத்தில் இரண்டு பேர் ரத்தத்தைச் சேர்த்துப் பார்த்துவிட்டு எழுதும் அதே வாசகம்: கட்டி தட்டவில்லை. ஒத்துப்போகிறது. நான் அதை மூன்று முறை படித்தேன். சாக்குகளுக்குப் பின்னால் இருந்த டப்பாவைக் கண்டுபிடித்திருக்கிறாள். அதிலிருந்து சொட்டு எடுத்திருக்கிறாள். வண்டியிலிருந்து எடுத்திருக்கிறாள். தன் வேலைக்கு உரிய மரியாதையோடு பார்த்து, எழுதி, தாளைக் கட்டில் வைத்து, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏழு நாள் கழித்துக் கேட்டாள், எல்லாம் தெரிந்துகொண்டு கேட்டாள். நான் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து இல்லை என்றேன். அப்போது வந்தது அந்தச் சிரிப்பு. மாட்டிக்கொண்டவனைப் பார்த்துச் சிரிப்பது. சாயங்காலம் வந்து வைத்துக்கொள்கிறேன் என்று சிரிப்பது. அந்தச் சாயங்காலத்துக்கு அவள் என்னென்ன யோசித்து வைத்திருந்தாள் என்று அறிய எனக்கு ஆவலாக இருந்தது. எழுபத்தாறு வயதில் பட்டறை நடுவில் நின்று அப்படி ஓர் ஆவல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஓ பாசிடிவ் என்று ஆரம்பித்திருப்பாள். நிச்சயம் அப்படித்தான்.

சட்டிக்குள் சொட்டு நின்றுவிட்டது. எதை ஊத்தட்டுங்க என்றார் திருமலைசாமி. நம்பர் பார்த்து எதையாவது ஊற்றுங்கள் என்றேன். அவர் அலமாரிப் பக்கம் நடந்தபோது கூப்பிட்டு, "காப்பித்தூள் மாத்தினது உங்க சம்சாரத்துக்குத் தெரியும்" என்றேன். அவர் திரும்பி, "ஆருங்க சொன்னது?" என்றார். யாரும் சொல்லவில்லை என்றேன். அவர் மஞ்சள் டப்பாவைத் திறந்தார். வீட்டுக்கு வந்து வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு மோட்டார் அறைக்குப் போனேன். தண்ணீர் போடத் தினமும் போகிற அறைதான், அந்த மூலைப் பக்கம் திரும்பாமலே போய் வருவேன். சாக்குகளை நகர்த்தினேன். பல்லி முட்டை ஒட்டியிருந்தது. மூடி இறுக்கமாகத் திருகியிருந்தது, நான் அத்தனை இறுக்கித் திருகுகிறவன் அல்ல. சிவப்பு டப்பாவில் அரை லிட்டர் ஆயில் இருக்கிறது, இரண்டு சொட்டு குறைய.